கடல் கடந்த 'முத்து'

ஒரே திரைப்படத்தை இரு நாட்டாரும் போற்றுவராயின், இருவரும் போற்றுவது ஒன்றையே எனக் கொள்ளுதல் பொருந்தாது. இதனை ஒரு சான்றுகொண்டு ஆராய்வாம்.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் படங்கள் ஓடுவது வியப்பன்று. நாடு அயலதாயினும் அங்குக் கேட்கும் செவி தமிழ்ச் செவியே. தமிழில் ஒரு சொல்லும் அறியாதாரிடத்துப் பெறும் வெற்றியே ஈண்டு நாம் கருதுவது.

கே. எஸ். ரவிகுமார் இயக்கிய 'முத்து' 1995-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்து தமிழ்நாட்டிற் பெருவெற்றி கண்டது. தாம் வரவேண்டிய வேளையில் வருவதாக ரஜினிகாந்த் கூறும் வசனத்தில் அரசியற் குறிப்பை உணர்ந்து கொட்டகைகள் அதிர்ந்தன. அதே படம் 1998-இல் டோக்கியோவின் சிபுயாப் பகுதியில் ஒரே கொட்டகையில் 23 வாரம் ஓடிற்று. ஜப்பானியர்க்கு நம் அரசியல் ஏது? நாம் ஆரவாரித்த இடத்தில் அவர் வாளா இருந்திருப்பர்.

அவரைக் கவர்ந்தவை ஆடலும், ஏ. ஆர். ரஹ்மானின் இசையும், நிறமும், நகைச்சுவையுமே. 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வில் நம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லைக் கண்ட இந்தி மொழியார்க்குப் பாட்டைப் பெயர்த்துத் தரவேண்டியிருந்தது. அருவியைப் பெயர்க்க வேண்டியிருந்ததில்லை.

ஆயினும் கண்ணுக்கினிய படங்கள் யாவும் கடல் கடந்துவிடுகின்றனவா? கொண்டுசெல்வார் வேண்டுமன்றோ? ஜுன் எடோகி என்னும் ஜப்பானிய விமர்சகர் சிங்கப்பூரில் 'முத்து'வைக் கண்டு வியந்தார். அவர் முயற்சி பெருந்துணையாயிற்று. 'முத்து' என்னும் பெயர் அந்நாட்டார்க்குப் பொருள்படாதாகலின், 'ஆடும் மகாராஜா' என்னும் தொடரையும் உடன் சேர்த்தனர். காணப்போவது யாதெனப் பெயரே கூறிவிட்டது! ஒரே கொட்டகையிற் பல வாரம் பொறுமையாய் ஓட்டியமையால், கண்டவர் காணாதவர்க்கு எடுத்துச் சொல்லக் காலமும் வாய்த்தது. நம் பட வியாபாரிகள் பெரிதும் மறப்பது இப்பொறுமையையே என்பது எம் கருத்து.

நிற்க. ஆடலும் பாடலும் இருந்தாற் போதும் என்று துணிதலும் பிழையாம். பின்னர் ஜப்பான் சென்ற இந்தியப் படங்கள் பலவாயினும், வசூலில் 'முத்து' பெற்ற முதலிடம் 24 ஆண்டுகள் அசையவில்லை. 2022-இல் அங்கு வெளியான தெலுங்குப் படமாகிய 'ஆர். ஆர். ஆர்.' தான் அதனைக் கடந்தது. அதன் பெயரோடு மகாராஜா எவரையும் சேர்க்கவேண்டிய தேவை அப்பொழுது இருக்கவில்லை.