தனிமை அறையின் கதவு



2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோயால் தம்மவரை இழந்த குடும்பங்களை நாம் சந்திக்கும்போது, இன்றும் ஒரு வருத்தம் திரும்பத் திரும்ப வெளிவருகிறது. "அப்பாவின் கையைக்கூடப் பிடிக்க விடவில்லை. சாமியாரைக் கூட்டிக்கொண்டு போயும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யாருமில்லாதவர்போலப் போய்ச் சேர்ந்தார்." பிப்ரவரி 11ஆம் நாளை நோயுற்றோரின் உலக நாளாகத் திருச்சபை ஆண்டுதோறும் சிறப்பிக்கிறது. அந்நாளின் மறையுரைகளில் இந்த வருத்தத்திற்கு நாம் போதிய இடம் தருவதில்லை. எனவே தனிமை சிகிச்சை என்றால் என்ன, அது ஏன், அதற்குள் நம் விசுவாசத்திற்கு என்ன இடம் உண்டு என்பதைச் சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

கொடிய தொற்றுநோய்கள் எல்லாம் ஒரே வழியில் பரவுவதில்லை. காசநோயும் தட்டம்மையும் காற்றில் மிதந்து பரவும். ஆகவே அந்நோயாளியின் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். அறையின் காற்று நடைபாதைக்கு வராமல், வெளியே உறிஞ்சி எடுக்கப்பட வேண்டும். எபோலா அப்படியல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, கழிவு, வியர்வை ஆகியவற்றைத் தொடுவதால் அது பரவுகிறது. அங்கே ஆபத்து காற்றில் இல்லை, கையில் இருக்கிறது. இரண்டு அடுக்கு கையுறை, நீண்ட அங்கி, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் காலணி, குளோரின் கரைசல் எல்லாம் இதற்காகவே. இவற்றை அணிவதைவிடக் கழற்றுவதுதான் கடினம் என்பார்கள் அனுபவமுள்ள செவிலியர்கள். களைத்துப்போன ஒருவர் கையுறையைக் கழற்றும் முன்பே நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டால் போதும். அதனால்தான் கழற்றும்போது இன்னொருவர் அருகில் நின்று ஒவ்வொரு படியையும் கவனிக்கிறார்.

இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1976இல் காங்கோ நாட்டின் (அன்றைய சயீர்) யம்புக்கு என்ற ஊர் காட்டியது. அங்கிருந்தது கத்தோலிக்க மறைபரப்பு மருத்துவமனை. அன்பில் குறையில்லை. ஆனால் சரியாகக் கிருமி நீக்கப்படாத சில ஊசிகளே பல நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்பட்டன. எபோலா என்று பின்னர் பெயரிடப்பட்ட நோய் 318 பேரைத் தாக்கி 280 பேரைக் கொன்றது. மருத்துவமனைப் பணியாளர் 17 பேரில் 11 பேர் இறந்தனர். 1995இல் அதே நாட்டின் கிக்விட் நகரில், இத்தாலியின் பெர்கமோ நகரைச் சேர்ந்த சபையின் அருள்சகோதரிகள் ஆறு பேர் நோயாளிகளுக்குப் பணிபுரிந்து அதே நோயால் உயிர்நீத்தனர்.

உகாண்டாவின் குலு நகருக்கு அருகே லாக்கோர் என்னுமிடத்தில், கொம்போனி மறைபரப்பாளர்கள் தொடங்கிய தூய மரியா மருத்துவமனை உள்ளது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே செவிலியர் பயிற்சி மாணவர்கள் விளங்காத காய்ச்சலால் இறக்கத் தொடங்கினர். தலைமை மருத்துவர் மத்தேயு லுக்வியா அப்போது மேற்படிப்பிற்காகக் கம்பாலாவில் இருந்தார். செய்தி கேட்டு விரைந்து வந்த அவர், நோயாளிகளையும் பதிவேடுகளையும் பார்த்து எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்றார். ஆய்வகத்தின் பதில் வருமுன்பே, உலக நலவாழ்வு நிறுவனத்தின் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு, தனிமை வார்டு ஒன்றை அமைத்துவிட்டார். அவர் கத்தோலிக்கர் அல்லர், புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

விதிகளை வற்புறுத்திய அவரே ஒருநாள் அதிகாலையில் தவறினார். நோயுற்ற செவிலியர் ஒருவர் இரத்தம் கக்கித் தவிப்பதாக அழைப்பு வந்தது. அங்கி, முகக்கவசம், கையுறை அணிந்து ஓடியவர், கண்களை மூடும் கவசத்தை அணியவில்லை. டிசம்பர் 5ஆம் நாள் அவர் இறந்தார். வயது 43. அவரது மனைவியும் முழுப் பாதுகாப்பு உடையில்தான் அவரைப் பார்க்க முடிந்தது. அந்நோய்க் காலத்தில் அம்மருத்துவமனையின் பணியாளர் 13 பேர் இறந்தனர். உகாண்டா முழுவதும் 425 பேர் நோயுற்று 224 பேர் மடிந்தனர். 2001 பிப்ரவரியில் நோய் ஓய்ந்தது. தனிமை வார்டு இல்லாதிருந்தால் அது ஓய்ந்திருக்காது.

நம் அப்பாவின் கையை நாம் பிடிக்காமல் தடுத்தவர்களும் இந்தக் கணக்கைத்தான் மனத்தில் கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோயாளியைத் தனிமைப்படுத்துவது வேறு, குடும்பத்திற்கு இரண்டு மூன்று நாள்களாக எந்தத் தகவலும் சொல்லாமல் விடுவது வேறு. முதலாவது மருத்துவம். இரண்டாவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. அப்படி நடந்த இடங்களில் மக்களின் கோபம் நியாயமானதே.

லேவியர் நூலில் தொழுநோயாளர் பாளையத்திற்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்ற சட்டத்தை நாம் அறிவோம் (13:46). அதை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும் (14:3). நோயாளி உள்ளே வரமுடியாததால், குரு பாளையத்தை விட்டு வெளியே போய் அவரைப் பார்க்கிறார். ஆண்டவர் இயேசு தொழுநோயாளரைத் தொட்டார் என்று நற்செய்தி கூறுகிறது (மாற்கு 1:41). அதைச் சொல்லி, 'நாங்களும் கவசமின்றித் தொடுவோம்' என்று வாதிடுவோர் நம் பங்குகளிலும் உண்டு. ஆண்டவர் தொட்டதால் நோய் நீங்கியது. நாம் தொட்டால் நோய் நம்மோடு வீட்டிற்கு வரும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் போகும்.

சரி, நோயில்பூசுதல்? குருவானவர் தம் கையாலேயே பூச வேண்டும் என்பது பொது ஒழுங்கு. ஆனால் தகுந்த கனமான காரணம் இருந்தால் ஒரு கருவியைக் கொண்டு பூசலாம் என்று திருச்சபைச் சட்டம் 1000 அனுமதிக்கிறது. பஞ்சால் பூசினாலும் அது முழுமையான அருள்சாதனமே. அவசர நிலையில் நெற்றியில் ஒருமுறை பூசினாலே போதும். குருவானவர் அறைக்குள் போகவே முடியாத நிலைக்கும் திருச்சபை வழி சொன்னது. 2020 மார்ச்சில் வத்திக்கானின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம், மரண ஆபத்தில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு, வார்டு வாசலில் நின்று ஒலிபெருக்கியின் உதவியோடுகூடப் பொதுப் பாவமன்னிப்பு அளிக்க இடமுண்டு என்று விளக்கியது. பூசுதல் பெற இயலாமல் இறக்கும் நிலையில் உள்ளவர்களும், வாழ்நாளில் வழக்கமாகச் செபித்து வந்தவர்களாயின், நிறைபேறு பலன் பெறுவர் என்றும் அறிவித்தது. அன்று வாசலில் நிறுத்தப்பட்ட பல குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தாமதமானாலும் இப்போது சொல்கிறோம்.

நம் வீட்டில் ஒருவர் தனிமை வார்டில் சேர்க்கப்பட்டால், கடைசி நேரம்வரை காத்திராமல் முதல் நாளே பங்குத்தந்தைக்குச் சொல்லிவிடுங்கள். வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம், நாளில் எந்த நேரத்தில் நோயாளியின் காதருகே தொலைபேசியை வைக்க முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை. மயக்கத்தில் இருந்தாலும் பேசுங்கள், செபமாலையின் ஒரு பத்து மணியாவது சேர்ந்து சொல்லுங்கள். செபமாலை கொடுத்தனுப்ப விரும்பினால் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புங்கள். பாட்டி காலத்துச் செபமாலை வேண்டாம், உள்ளே போன பொருள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.