காத்திருக்காத செடி

ஸ்காபரோவில் ஒரு தோட்டக்கடையில் வேலை செய்கிறேன். பனிக்காலம் நெருங்கினால் நம் சனம் கறிவேப்பிலைக் கன்றோடு வரும். எந்த லைட் போடுவது, இலை ஏன் கொட்டுகிறது, பேஸ்மென்டில் வைத்தால் தப்புமா என்று கேட்பார்கள். 2018 ஒக்டோபர் 17இல் கனடாவில் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அதே ஆட்களில் சிலர் குரலைத் தணித்து இன்னொன்றும் கேட்கிறார்கள்: "ஓட்டோ விதை எண்டு விக்கிறாங்களே, அது லேசாமே?"

குரலைத் தணிக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர் வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பது சட்டப்படியானது. ஆனால் கணக்கு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்று நான்கு பெரியவர்கள் இருந்தாலும் ஒரு வீட்டுக்கு மொத்தம் நான்கு செடிதான். விதையை உரிமம் பெற்ற கடையிலோ மாகாண அரசின் கஞ்சாக் கடையிலோதான் வாங்க வேண்டும். விளைந்ததை விற்கக்கூடாது. வயது வந்த நண்பருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம். எரியக்கூடிய கரைப்பான் ஊற்றி எண்ணெய் வடிப்பது வீட்டில் தடை. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும், கொண்டோ என்றால் கட்டட விதிகளையும் முதலில் வாசியுங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதற்கே தடை உண்டு. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் எல்லை தாண்டி, அது அமெரிக்காவுக்கானாலும், ஒரு விதைகூடக் கொண்டு போகக்கூடாது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றமே. இனி நான் சொல்வதெல்லாம் ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு.

ஓட்டோ என்பது என்ன? வயல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய நெடுங்கால நெல் இனங்கள் பல பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் தள்ளும். முன்கூட்டி விதைத்தாலும் பருவம் வரும்வரை பச்சையாகவே நிற்கும். பிறகு வந்த மூன்றரை மாத நெல், நான்கு மாத நெல் எல்லாம் பகலைப் பார்ப்பதில்லை, தன் வயதைப் பார்க்கின்றன. கஞ்சாவிலும் இந்த இரண்டு சாதியும் உண்டு. வழக்கமான செடி, இரவு ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு நீண்டால்தான் பூக்கும். ஓட்டோ செடி இரவைக் கவனிப்பதில்லை. முளைத்து மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் தானாகப் பூவுக்குப் போய்விடும். விதையிலிருந்து அறுவடை வரை பெரும்பாலும் 9 முதல் 12 கிழமைதான்.

இந்தக் குணம் வடக்கிலிருந்து வந்தது. 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர், தென்கிழக்கு ரஷ்யாவில் வரப்போரத்திலும் தரிசிலும் களையாக வளர்ந்த ஒரு குட்டைக் கஞ்சாவைத் தனி இனமாக விவரித்தார். கோடை குறுகிய நிலத்தில், நீண்ட இரவு வரட்டும் என்று காத்திருக்கும் செடி விதை பிடிக்குமுன் உறைபனியில் செத்துவிடும். காத்திராமல் பூத்ததுதான் அங்கே பிழைத்தது. அந்தக் களையை வீரியமான இனங்களோடு கலந்து பிறந்தவைதான் இன்றைய ஓட்டோ ரகங்கள். 2000களின் தொடக்கத்தில் 'லோரைடர்' என்ற குள்ள ரகம் சந்தைக்கு வந்த பிறகு அவை பரவலாயின.

லேசு என்று இதை விற்பது பாதி உண்மை. வழக்கமான செடியைப் பூக்க வைக்க லைட்டைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்து, இருட்டில் ஒரு கீற்று வெளிச்சமும் புகாமல் காக்க வேண்டும். ஓட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வழக்கமான செடி வாடினால் ஒரு மாதம் கூடுதலாக வளரவிட்டு, தேறிய பிறகு பூவுக்கு அனுப்பலாம். ஓட்டோவில் அந்த வசதி கிடையாது. இரண்டாம் கிழமையில் செடி பத்து நாள் சுணங்கினால் அந்தப் பத்து நாள் போனதுதான். ஒரு சாண் உயரத்தில் நின்றாலும் நாள் வந்ததும் பூத்துவிடும். கிளையை வெட்டி நட்டுப் புதுச் செடி எடுக்கலாம் என்று நினைப்பதிலும் பயனில்லை. வெட்டிய கிளைக்கும் தாயின் வயதுதான். ஆகவே முதல் இருபது நாளைக் காப்பாற்றிக் கொடுத்தால் மிச்சத்தைச் செடி பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த இருபது நாளில் செடியைச் சாகடிப்பது பெரும்பாலும் அன்புதான். கடைக்கு ஒரு அன்ரி வந்தா. கைப்பேசியில் படம் காட்டினா: இலையெல்லாம் கீழே தொங்க, விரல் நீளத்தில் ஒரு கன்று.

"தம்பி, வளர்ச்சி நிண்டு போச்சு. இன்னும் கொஞ்சம் உரம் விடட்டே?"

"வேண்டாம் அன்ரி. முதல்ல தண்ணியை நிப்பாட்டுங்கோ. சாடியைத் தூக்கிப் பாருங்கோ, பாரமாத்தானே இருக்கு?"

பாரமாகத்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு குவளை ஊற்றியிருக்கிறா. ஈர மண்ணில் வேருக்குக் காற்றுப் போகாது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது. அப்போது செடி தாகத்தில் வாடுவது போலவே தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். காய்ந்த மண் நிரப்பிய சாடியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரம் கைக்குத் தெரியட்டும். அதற்குக் கிட்டவாக இறங்கிய பிறகு தண்ணீர் விட்டால் போதும். கன்று சின்னதாக இருக்கும்போது தண்டைச் சுற்றி உள்ளங்கை அகல வட்டத்துக்கு மட்டும் விடுங்கள்.

சாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காளியை நாம் சின்னக் கிண்ணத்தில் முளைக்க வைத்து, பிறகு பெரியதுக்கு மாற்றுவோம். ஓட்டோவை மாற்றாதீர்கள். மாற்றும்போது வேர் அதிர்ந்து செடி சில நாள் நிற்கும். அந்த நாட்கள் இதற்குக் கிடையாது. கடைசிவரை இருக்கப்போகிற சாடியிலேயே விதையைப் போடுங்கள். பத்து, பன்னிரண்டு லீட்டர் பிடிக்கும் துணிச்சாடி நல்லது, பக்கவாட்டிலும் காற்றுப் போகும். மண் இலகுவாக இருக்க வேண்டும்: பீட் கலந்த சாடி மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பேர்லைட் சேருங்கள். வீட்டுப் பின்வளவு மண்ணை உள்ளே கொண்டுவர வேண்டாம், பூச்சியும் சேர்ந்து வரும். உரம் முதல் இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையே இல்லை, நல்ல சாடி மண்ணில் இருப்பதே போதும். பிறகு தொடங்கும்போதும் போத்தலில் எழுதியிருப்பதில் கால்வாசி. இலை நுனி கருகினால் அதையும் நிறுத்துங்கள். மண்ணின் பிஎச் அளவு 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால்தான் வேரால் சத்தை எடுக்க முடியும். மஞ்சளாகும் செடிக்கு உரம் போடுமுன் அதை ஒருதரம் அளந்து பார்ப்பது நல்லது.

ரொறன்ரோ குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். இங்கே நகரம் சேர்ப்பது குளோரமீன். அது அவ்வளவு சுலபமாகப் பறக்காது. அதற்காகப் போத்தல் தண்ணீர் வாங்கவும் வேண்டாம். சாடிச் செடிக்கு அந்த அளவால் பெரிய கேடில்லை. பனிக்காலத்தில் தண்ணீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்து வரும், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று வைப்பதுதான் பயன்.

லைட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். யன்னலோர வெயில், அதுவும் இங்கத்தைய நவம்பர் வெயில், போதவே போதாது. செடி வளர்ப்பதற்கான இரண்டடிக்கு இரண்டடி கூடாரம் ஒன்றில் ஒன்று அல்லது இரண்டு செடி வைத்தால், உண்மையாகவே 100 முதல் 150 வாட் இழுக்கும் எல்ஈடி விளக்குப் போதும். பெட்டியில் '1000' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், சுவரிலிருந்து எவ்வளவு வாட் இழுக்கிறது என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ரைமர் போட்டு ஒரு நாளைக்கு 18 மணி நேரம் எரியவிட்டு, ஆறு மணி நேரம் அணைக்கலாம். ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஒரு விலை என்பதால், அந்த ஆறு மணி நேரத்தை நீங்களே தெரிவு செய்யலாம். கோடையில் வார நாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரைதான் மின்சாரம் விலை கூடின நேரம். அப்போது அணைத்தால் காசும் மிச்சம், பகலின் உச்சச் சூட்டில் கூடாரமும் வேகாது. 100 வாட் விளக்கை 80 நாள் எரித்தால் 144 யூனிட் ஆகும். விளக்கிலும் வயரிலும் கனடியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிப்பு வயரில் நாலைந்து சாமானைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

காற்றோட்டம் பூவுக்கு வந்த பிறகு உயிர்நாடி. பேஸ்மென்ட் கோடையில் ஈரம் பிடிக்கும். அடர்ந்த பூவுக்குள் ஈரம் தங்கினால் உள்ளேயிருந்தே சாம்பல் நிறப் பூஞ்சணம் அழுக வைக்கும். ஈரப்பதத்தைப் பூக்கும் காலத்தில் 40, 50 வீதத்துக்கு இறக்குங்கள். கன்றுக்கு அது மாறி, 60, 70 வீதம் வேண்டும். பனிக்காலத்தில் ஹீட்டர் காற்று வரட்சியாக இருக்கும்போது கன்றுகள் சுணங்குவது இதனால்தான். வெளியேற்றும் காற்றாடியில் கரி வடிகட்டி பொருத்துங்கள். மணம் கடுமையானது, அயலவர் அதைச் சகிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. சிறு கறுப்பு ஈ பறந்தால் மண் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், மஞ்சள் ஒட்டு அட்டை வையுங்கள். பூ வந்த செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். அது உடம்புக்குள் போகப்போகிற பொருள்.

நுனி கிள்ளுவதும் வேண்டாம். வழக்கமான செடிக்கு அது கிளை பெருக்கும் வழி, ஓட்டோவுக்குக் காயம் ஆற நாள் போதாது. மூன்றாம் கிழமையளவில் நடுத்தண்டை மெல்லச் சரித்து, மென்கம்பியால் சாடி விளிம்பில் கட்டினால் பக்கக் கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். அவ்வளவு போதும்.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூவுக்காக வளர்ப்பவர் வாங்க வேண்டியது 'பெண்மையாக்கப்பட்ட' ஓட்டோ விதை. சாதாரண விதையில் பாதியளவு ஆணாக வரும். ஒரு ஆணின் மகரந்தம் கூடாரம் முழுக்க விதை பிடிக்க வைத்துவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூடாரத்துக்கு அல்ல, அறைக்கே பூட்டுப் போடுங்கள். சட்டம் 19 வயது என்றாலும், இருபத்தைந்து வயதளவு வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. இளம் வயதில் அடிக்கடி பாவிப்பதும், குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர் பாவிப்பதும் ஆபத்து. அம்மம்மாவின் முழங்கால் வலிக்கென்று யாராவது கேட்டால், அவ எடுக்கும் இரத்தம் உறையாத மருந்து போன்றவற்றோடு இது மோதக்கூடும், வைத்தியரிடம் முதலில் கதைக்கச் சொல்லுங்கள்.

அறுவடை நாளை விதைப் பொதியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பூவில் உள்ள வெள்ளை மயிர்களில் பெரும்பங்கு பழுப்பாகிச் சுருண்டு, பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது பிசின் துளிகள் தெளிந்த நிலையிலிருந்து பால் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். பொதியில் ஒன்பது கிழமை என்றிருந்து செடி பதினொன்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். வெட்டிய கிளைகளை 18 முதல் 20 பாகைச் சூட்டில், இருட்டில், 55, 60 வீத ஈரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஏழு முதல் பதினான்கு நாளில் சிறு காம்பு வளையாமல் முறியும். அதன்பின் கண்ணாடிப் போத்தல்களில் முக்கால்வாசி நிரப்பி, முதல் இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் சில நிமிடம் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடி திறந்ததும் அமோனியா போல மணந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. வெளியே எடுத்து ஒரு நாள் பரப்பிவிட்டு மறுபடி போடுங்கள். போத்தலில் திகதியையும் உள்ளே இருப்பது என்ன என்பதையும் எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள்.