ஆராதனையின் அடிநாதம்: பேஸ் கிட்டாரை வீட்டிலேயே பேணுவது எப்படி?



தாவீதின் நாட்களில் கர்த்தரைப் பாடும் பணிக்கென்று தேர்ச்சி பெற்ற 288 பேர் இருந்தார்கள் என்று 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களைக் குறித்து நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அதே புஸ்தகத்தின் 9-ஆம் அதிகாரத்திலோ, லேவியரில் சிலர் என்று மட்டும் குறிப்பிடப்படுகிற வேறொரு கூட்டத்தார் உண்டு. ஆராதனைக்குரிய பணிமுட்டுகள் அவர்கள் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. அவற்றை உள்ளே கொண்டுபோகும்போதும் வெளியே கொண்டுவரும்போதும் கணக்குப் பார்ப்பது அவர்கள் ஊழியம். பாடினவர்களின் சத்தத்தை ஜனங்கள் கேட்டார்கள். கணக்குப் பார்த்தவர்களின் பிரயாசத்தைக் கர்த்தர் கண்டார். அதையும் தம்முடைய வேதத்தில் எழுதிவைக்கச் செய்தார்.

உங்கள் சபையில் அந்த ஊழியத்தைச் செய்கிறவர் யார்? மும்பையிலோ, டெல்லியிலோ, பெங்களூருவிலோ வாடகை மண்டபத்தில் கூடும் நம் சபைகளில், ஆராதனை முடிந்தவுடன் வாத்தியங்களை உறையிலிட்டு யாரோ ஒரு வாலிபர் தம் வீட்டுக்குச் சுமந்து செல்கிறார். அந்தக் கருவியின் விலை, வீட்டுவேலை செய்யும் தாய்மாரும் தினக்கூலிக்குப் போகும் சகோதரரும் மாதக்கணக்கில் சேர்த்த காணிக்கை. அது துருப்பிடித்து மூலையில் கிடப்பது அந்தக் காணிக்கையை அசட்டை செய்வதற்குச் சமம். ஆகவே இம்மாதம் பேஸ் கிட்டாரைப் பேணும் முறையை எழுதுகிறேன்.

கேட்கப்படாத வாத்தியம்

அமெரிக்காவில் லியோ ஃபென்டர் 1951-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் பேஸ் கிட்டார் உலகெங்கும் பரவியது. அதன் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சபையார் பலர் அந்த ஒலியைத் தனியே பிரித்தறிய மாட்டார்கள். ஆனால் அது நின்றுபோனால் பாடல் வெறுமையாகிவிட்டதை உடனே உணர்வார்கள். அஸ்திபாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீடோ அதன்மேல்தான் நிற்கிறது.

தந்திகள்

உருக்குக் கம்பியின்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி பேஸ் தந்திகளைச் செய்கிறார்கள். விரல்களின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் தங்கிவிடும். அதனாலேயே நாளடைவில் தந்தியின் ஒலி மழுங்குகிறது. பின்பு துருவும் ஏறுகிறது.

இதற்குரிய முதல் மருந்து, வாசிக்குமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது. ஐக்கிய விருந்தில் பிரியாணி உண்ட கையோடும், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடும் கிட்டாரைத் தொடாதிருங்கள். வாசித்து முடித்ததும், பழைய பனியன் துணி போன்ற மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் தந்திகளின் ஆயுளை வெகுவாகக் கூட்டும். அழுக்கு மிகுதியானால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்துத் துடைக்கலாம். அது மரத்தின்மேலும் வர்ணப் பூச்சின்மேலும் படாதபடி, தந்திக்கு அடியில் ஓர் உலர்ந்த துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

தந்தியை மாற்றும்போது முறுக்கைத் தளர்த்திய பின்னரே கழற்றுங்கள். இழுத்துக் கட்டிய நிலையில் வெட்டினால் அது துள்ளிக் கண்ணைத் தாக்கும். புதிய தந்தியின் மிகுதியை வெட்டுமுன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னதாக அதை மடக்கிவிடுங்கள். இல்லையெனில் மேலே சுற்றியிருக்கும் கம்பி பிரிந்து, தந்தி வீணாகும்.

மரமும் வர்ணமும்

விரற்பலகை கருமை கலந்த செந்நிறமாகவும் பூச்சின்றியும் இருந்தால் அது பெரும்பாலும் ஈட்டி மரமாகவோ அதன் இனமாகவோ இருக்கும். தந்திகளை மாற்றும் நாளில், மெல்லிய பழைய பல்துலக்கியால் ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்து அழுக்கை மெதுவாக நீக்குங்கள். கிட்டாருக்கென்று விற்கும் எலுமிச்சை எண்ணெயில் சில துளிகளைத் துணியில் தடவித் தேய்த்து, சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஓரிருமுறை போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும், அதைப் பயன்படுத்தாதீர்கள். வெளிர்நிற மேப்பிள் பலகை பளபளப்பான பூச்சுடன் இருந்தால் அதற்கு எண்ணெயே வேண்டாம். சற்றே ஈரமான துணியும், பின்பு உலர்ந்த துணியும் போதும்.

உடற்பகுதியையும் அவ்வாறே துடையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை வர்ணத்தைக் கெடுக்கக்கூடும். இரும்புக் கம்பளியால் ஃப்ரெட்டைத் தேய்க்கிறவர்கள் முதலில் பிக்கப்பை ஒட்டுநாடாவால் மூடுங்கள். பிக்கப்புக்குள் இருப்பது காந்தம். இரும்புத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

வளையும் கழுத்து

நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பதற்காகவே கழுத்துக்குள் டிரஸ் ராட் என்னும் உருக்குத் தண்டு இருக்கிறது. எனவே வாரந்தோறும் வாசிக்கிற கிட்டாரின் தந்திகளை ஒவ்வொரு முறையும் தளர்த்திவைக்க வேண்டியதில்லை.

மும்பையின் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். டெல்லியின் கோடை அனற்காற்றில் உலர்ந்து சுருங்கும். இரண்டிலும் கழுத்தின் வளைவு மாறும். சுருதி சேர்த்தபின் ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். 7, 8-ஆவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டின் கனமளவு இடைவெளி இருப்பது நலம். இடைவெளி மிகுந்தால் டிரஸ் ராடை வலஞ்சுழியாகவும், இடைவெளியே இல்லையெனில் இடஞ்சுழியாகவும் திருப்ப வேண்டும். ஒரே வேளையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுக்கமாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்தி, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பலவந்தம் பண்ணினால் கழுத்தையே இழக்க நேரிடும்.

ஒற்றை அறை வீட்டில் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைக்காமல் உறையிலிட்டு வையுங்கள். ஜன்னல் வெயிலும், ஓதமேறும் வெளிச்சுவரும், அடுப்பின் அருகும் ஆகாத இடங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறிந்துவிடாமல் உறைக்குள் போடுங்கள்.

கரகரக்கும் திருகு

ஒலித் திருகைத் திருப்பும்போது கரகரப்புக் கேட்டால், உள்ளே தூசு படிந்திருக்கிறது. மின்தொடர்பைவிட்டு நீக்கியபின் இருபது முப்பது முறை திருகை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். பெரும்பாலும் அதுவே போதும். தீராவிட்டால் மின்னணுப் பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனர் தேவைப்படும். மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட் ஆகிய இடங்களில் அது கிடைக்கும். வயர் செருகும் ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தால் உடனே இறுக்குங்கள். ஜாக் சுழன்றால் உள்ளிருக்கும் கம்பி அறுந்துபோகும். 9 வோல்ட் பேட்டரி உள்ள கிட்டாரில் வயரைச் செருகியதுமே பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். ஆகவே வாசித்தபின் வயரைக் கழற்றிவிடுங்கள்.

உயிரைக் காக்கும் மூன்றாவது முள்

பிரியமானவர்களே, இப்பகுதியைத் தயவுசெய்து உங்கள் சபையில் வாசித்துக் காட்டுங்கள். பேஸ் கிட்டாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்பிளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்பிளிஃபயரில் பழுது ஏற்பட்டு, அதற்கு எர்த் தொடர்பும் இல்லாதிருந்தால் தந்திகளிலேயே மின்சாரம் ஏறக்கூடும். அந்நேரத்தில் வாசிக்கிறவரின் உதடு மைக்கைத் தொட்டால் அவர் உடல் வழியாக மின்சாரம் பாயும்.

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகரத்து யுனிவர்சிட்டி பாப்டிஸ்ட் சபையில் போதகர் கைல் லேக் ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி மரித்தார். அவருக்கு வயது 33.

எனவே வாடகை மண்டபத்தின் பழைய பிளக்கில் பொருந்தவில்லை என்று மூன்றாவது முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கில் சுரீரென்று உதட்டில் உறைத்தால், "சின்ன ஷாக்தானே, ஐயா" என்று யார் சொன்னாலும் பாடலை நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் நிற்கிறவர் கையில் வயர் மைக்கைக் கொடாதிருங்கள். விசுவாசம் கவனக்குறைவுக்குச் சாக்கு அல்ல. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதித்துத் தேவனைப் பரீட்சை பார்க்க நம் ஆண்டவர் மறுத்துவிட்டாரே!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகனோ மகளோ ஆராதனைக் குழுவில் வாசிக்கிறார்களா? சனிக்கிழமை மாலையில் துணியை அவர்கள் கையில் கொடுங்கள். நன்றாக வாசிக்கிறாய் என்று பலரும் புகழுவார்கள். நன்றாகத் துடைத்தாய் என்று சொல்ல ஒருவரும் இரார். புகழ்ச்சியில்லாத அந்த வேலையைச் செய்யப் பழகிய பிள்ளை, நாளைக்கு அலுவலகத்திலும் குடும்பத்திலும் சபையிலும் யாரும் காணாத இடத்தில் உண்மையாய் நிற்கும். போதகர்களே, கருவிகளுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். எதை, யார், எந்த நாளில் எடுத்துச் சென்றார், தந்தி எப்போது மாற்றப்பட்டது என்று அதில் எழுதுங்கள். லேவியர் கணக்குப் பார்த்தார்கள், நாமும் பார்ப்போம்.

கொஞ்சத்தில் உண்மையுள்ளவர்களைக் கர்த்தர் அநேகத்தின்மேல் அதிகாரிகளாக வைப்பாராக. ஆமென்.