ஒடுங்கிய எழுத்தும் பட்டைக் கால்களும்

ஆங்கில அகராதியைப் புரட்டுகிற கண் எல்லா வரிகளையும் படிப்பதில்லை. தடித்து நிற்கும் தலைச்சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டே இறங்குகிறது. இப்படிப்பட்ட வேலைக்கு உகந்ததாக லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி 1845-இல் பதிவுசெய்த எழுத்துரு கிளாரண்டன். எழுத்தின் நுனியில் குறுக்காக நிற்கும் சிறு கோட்டை செரிஃப் என்கிறார்கள். அது தடித்த பட்டையாக இருந்தால் ஸ்லாப் செரிஃப். கிளாரண்டன் அந்த வகை, அதிலும் சற்றே ஒடுங்கியது. பதிவுக்குக் கிடைத்த பாதுகாப்பு மூன்று ஆண்டுகளே. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தயங்காமல் நகலெடுத்தன. ஒடுங்கிய ஸ்லாப் எழுத்துக்கு இன்றும் பொருத்தமான வேலை அதுதான்: கண் தேடிவந்து நிற்க வேண்டிய சில சொற்கள். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதற்கு அது ஆகாது.

காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. ரோமன் எழுத்துகளை ஒடுக்கினால் வட்டங்கள் பக்கவாட்டில் தட்டையாகி, வரி முழுவதும் வேலிக்குச்சிகள் நட்டதுபோல் செங்குத்துக் கோடுகளாகிவிடும். பட்டைகள் மேலும் கீழும் விளிம்பு கட்டி அவற்றை ஒரு சொல்லாகப் பிடித்து நிறுத்துகின்றன. பெரிய ‘ஐ’, சின்ன ‘எல்’, எண் 1 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமலும் காக்கின்றன. இடத்தை மிச்சப்படுத்த வந்த எழுத்துக்குப் பட்டை எதற்கு, அதுவே இடத்தைத் தின்னுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பட்டையில்லாத ஒடுங்கிய எழுத்து அதே அகலத்தில் இன்னும் சில எழுத்துகளைக் கூடுதலாக அடக்கிவிடும். ஆனால் நான்கைந்து சொற்களே உள்ள தலைப்பில் அந்த மிச்சத்தால் பெரிய லாபமில்லை, தெளிவுதான் லாபம். சின்ன அளவில் கதை மாறுகிறது: பட்டைகள் நெருங்கி, எழுத்தின் உள்வெளி அடைபட்டுப்போகும். தொடக்ககால கிண்டில் மின்வாசிப்பானில் புத்தகம் முழுவதும் சேசிலியா என்ற ஸ்லாப் எழுத்தில்தானே வந்தது என்பவர்கள், அதன் வழக்கமான வடிவம் ஒடுங்கியதல்ல, பட்டைகளும் மெலிந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒடுங்கிய ஸ்லாப் பெரிய தலைப்புக்கே உரியது என்பதைச் சுவரொட்டிக்காரர்கள் முன்பே புரிந்துகொண்டார்கள். நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் 1828-இல் மர எழுத்துகளுக்கு மாதிரிப் புத்தகம் வெளியிட்ட பிறகு, ஈயத்தில் வார்க்கக் கடினமான பெரிய எழுத்துகள் மலிவாயின. உயரமாக, குறுகலாக இருந்தால் தாளின் அகலத்துக்குள் ஒரு பெயரைப் பெரிதாக அடக்கலாம். பின்னர் வந்த பிரெஞ்சு கிளாரண்டனில் எழுத்தின் செங்குத்துத் தண்டைவிடப் பட்டையே தடிமன். சர்க்கஸ் விளம்பரம், கௌபாய் படத் தலைப்பு என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். அந்தத் தலைகீழ்த் தடிமன் வேண்டுமென்றே வரைந்தது. சாதாரண எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கினாலும் தண்டு மெலிந்து பட்டை தடித்தே நிற்கும். அங்கே அது வெறும் கோணல்.

ஆகவே புத்தக முதுகு, விலைச்சீட்டு, அட்டவணைத் தலைப்பு, சுவரொட்டி ஆகியவற்றுக்கு ஒடுங்கிய ஸ்லாபைத் தாராளமாக எடுங்கள். ஆனால் ராக்வெல் கண்டென்ஸ்ட் போல ஒடுக்கமாகவே வரையப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். அகன்ற எழுத்தை நெருக்கிச் சமாளிக்காதீர்கள்.