தூண்டில் போடுமுன்

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் காரியம் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. குளக்கரையில் ஒரு மனிதர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நீரில் ஒரு தக்கை அசையாமல் மிதக்கிறது. மணிக்கணக்காக இரண்டும் அப்படியே இருந்தால் பார்க்கிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? ஆனால் காரியம் தெரிந்தவராயிருந்தால், அம்மனிதர் தம் வேலையில் பெரும் பகுதியை முதல் நாள் இரவே வீட்டுத் திண்ணையில் முடித்துவிட்டு வந்திருப்பார்.

சென்னை ராஜதானியில் ஸிவில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி 1873-இல் வெளியிட்டார். அது போதாதென்று, ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-இல் தனியாக இன்னொன்றும் எழுதினார். சோம்பேறிகளின் காரியத்துக்கு இரண்டு புத்தகங்களா என்று நேயர்கள் வியக்கலாம். நம் கிராமத்துப் பெரியவர்களும் இவ்வித்தையை நன்றாக அறிந்தவர்களே. அவர்களுடைய அறிவு கையோடு இருந்தது, காகிதத்தில் ஏறவில்லை. விடுமுறை நாட்களில் கழியும் கையுமாக வாய்க்காலுக்குப் புறப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உபயோகமாகுமென்று அதில் சிறிது இங்கே எழுதுகிறோம்.

முன்னேற்பாடு எதற்காக? நிறைய மீன் பிடிப்பதற்காக மட்டும் அன்று. நூல் அறுந்தால் மனிதர் இழப்பது சில ரூபாய்ச் சாமான். மீனோ வாயில் முள்ளும், அதன் பின்னே சில முழம் நூலுமாக ஓடிப்போகிறது. அந்நூல் வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால், அது யாருக்கும் உணவாகாமல் அணு அணுவாகச் சாகிறது. கரைப் புதரில் அறுந்து தொங்கும் நூல் கொக்கின் காலையும் நீர்க்காக்கையின் சிறகையும் பிணித்துவிடுகிறது. மீனைப் பிடித்து உண்பது வேறு. வீணாக வதைப்பது வேறு. இந்த வித்தியாசம் முதல் நாள் இரவு செலவிடும் அரை மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் கழியைக் கவனிப்போம். மூங்கிலுக்கு நிகரான இயற்கைக் கழி வேறில்லை. 1840-களில் அமெரிக்காவில் ஈஸ்டன் என்னும் ஊரில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி, மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, அவற்றை ஒட்டித் தூண்டிற் கழி செய்தார். அந்தத் தொழிலுக்கு அக்காலத்தில் பயன்பட்ட சரக்குக்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தென்சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூங்கில் நம்முடையது, கழி செய்த கீர்த்தி பிறருடையது!

மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலை அடுத்துள்ள நாரில் இருக்கிறது. ஆகவே அழகுக்காகத் தோலைச் சீவுகிறவர் பலத்தையே சீவி எறிகிறார். கழியைத் தரையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற பொடி உதிர்ந்தால் வண்டு அரித்துவிட்டது என்று அறியலாம். பிறகு கணுக்களை விரலால் தடவி வெடிப்பு உண்டா என்று பார்த்து, நுனியை வளைத்து விடுங்கள். அது நேராகத் திரும்பி வரவேண்டும். நூல் சுற்றும் உருளையும் வளையங்களும் கொண்ட கடைக் கழியானால், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே நூலும் அறுபடும்.

அடுத்தது நூல். குதிரைவால் மயிர், பட்டு நூல், பட்டுப் புழுவின் உடலிலிருந்து உருவிய நரம்பு ஆகியவற்றையெல்லாம் மனிதன் தூண்டிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறான். புழு நரம்பை நீரில் ஊறவைத்து இளக்கிய பிறகே முடிச்சுப் போடவேண்டும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். 1938-இல் அமெரிக்காவில் நைலான் வெளிவந்தது. அதன் பிறகு மற்றவை மெல்ல மறைந்தன. கடைகளில் நரம்பு என்றும் தங்கூசி என்றும் இப்போது விற்பது பெரும்பாலும் அதுவே.

நைலான் அழுகுவதில்லை. அதனாலேயே பலர் அதைக் கவனிப்பதுமில்லை. வெயிலில் கிடந்தால் அது நாளடைவில் பலம் குன்றும். கல்லில் உராய்ந்தால் சொரசொரப்பாகும். முனையிலுள்ள மூன்று நான்கு முழத்தை விரல் நகத்தினிடையே இழுத்துப் பார்த்து, நெருடினால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டை வாசலில் எறியலாகாது. சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

எவ்வளவு உயர்ந்த நூலானாலும் அதன் பலம் முடிச்சின் பலமே. நூலின் நடுவே தற்செயலாக விழுந்த ஒரு சாதாரண முடிச்சு அதன் பலத்தைப் பாதியளவுக்குக்கூடக் குறைத்துவிடும். முள்ளைக் கட்டும் முறை வருமாறு: நுனியை முள்ளின் காதில் கோத்துக்கொள்ளுங்கள். அதைத் தாய்நூலின்மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு காதை ஒட்டியுள்ள சிறு கண்ணியில் நுனியைப் புகுத்துங்கள். இறுக்குவதற்கு முன் முடிச்சை நீரில் நனைப்பது அவசியம். உலர்ந்த நூல் இறுகும்போது உராய்வினால் சூடேறிப் பலவீனப்படும். நனைத்தபின் ஒரே சீராக இழுத்து இறுக்கி, முள்ளை ஒரு குறட்டால் பிடித்துக்கொண்டு பலமாக இழுத்துப் பாருங்கள். அறுவதானால் திண்ணையிலேயே அறுந்து போகட்டும்.

முள்ளின் கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகமே போதும். நகத்தின்மேல் முனையை மெதுவாக வைத்து நகர்த்தினால், கூரிய முள் பற்றி நிற்கும். மழுங்கிய முள் வழுக்கும். முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவது நல்லது. திரும்ப விடவேண்டிய மீனை அதிகக் காயமின்றி விடலாம்; பிள்ளைகளின் விரலில் ஏறினாலும் எளிதில் வெளிவரும்.

திரும்ப விடவேண்டிய மீன் என்று ஏன் சொல்கிறோம்? குஞ்சுகள் ஒருபுறமிருக்க, காவிரிப் பிரதேசத்துக்கே உரிய மாசீர் என்னும் பெருங்கெண்டையை நினையுங்கள். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ, எடை இருந்தது. அதே இனம் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தக்கைக்கு மயிலிறகின் தண்டோ, நெட்டியோ போதும். ஒரு வாளி நீரில் மிதக்கவிட்டு, நுனி மாத்திரம் தெரியும்படி எடையைச் சரி செய்துகொள்ளுங்கள். எடைக்கு வழக்கமாகக் கட்டுவது ஈயக்குண்டு. அதைப் பல்லால் கடித்து நூலில் பொருத்தும் வழக்கத்தை அறவே விடவேண்டும், ஈயம் விஷம். இங்கிலாந்தில் கரையில் சிந்திய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மாண்டதனால், 1987-இல் சிறு ஈய எடைகளின் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். சிறிய இரும்பு மரை ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக, மண்புழுவை ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் எடுத்து நிழலில் வையுங்கள். ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரின் சம்மதத்தை முதல் நாளே பெற்றுவிடுங்கள். அறுந்த நூலைப் போட்டுக் கொண்டுவர ஒரு சிறு பையும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒருவர் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால், அவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு மனம் வராது. தக்கை அமிழுமா, அமிழாதா என்பது மீனின் இஷ்டம். அமிழ்ந்தபின் நூல் தாங்குமா என்பது முதல் நாள் இரவே தீர்ந்துபோன விஷயம்.