“டீச்சர் என்னை ஏசிட்டாங்கம்மா”

போன ஆடி மாதம் ஒரு நாள் சாயங்காலம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய மகள், காலில் மாட்டியிருந்த ஸ்ப்ளின்ட்டை நான் கழற்றுவதற்குள் சொன்னாள்: “அம்மா, இன்னிக்குக் கணக்கு டீச்சர் என்னை ஏசிட்டாங்க.”

எனக்குப் பகீரென்றது. தலைமையாசிரியரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். “எதுக்குட்டி ஏசினாங்க?” என்றேன். “வீட்டுப்பாடம் எழுதிட்டுப் போகல. நாளைக்குக் கண்டிப்பா எழுதிட்டு வரணும்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க.”

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளை ஓர் ஆசிரியர் ஏசியது அதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ, வளர்கிற மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. அந்தப் பாதிப்பு நாளாக ஆகக் கூடுவதில்லை. ஆனால் தசைகளுக்கு மூளை இடும் கட்டளை தடுமாறிப் போகிறது. அவளுக்கு இரண்டு கால்களிலும் வலது கையிலும் இறுக்கம் உண்டு. பேச்சு இழுத்து இழுத்து வரும். சில பிள்ளைகளுக்கு அறிவுத்திறனிலும் பாதிப்பு சேர்ந்து வரும், பல பிள்ளைகளுக்கு வராது. அவளுக்கு ஒரு வயது இருக்கும்போதே டாக்டர் இதையெல்லாம் எங்களிடம் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். வெளியே வந்ததும் என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நடந்துருவாளா?”

அடுத்த ஐந்து வருடம் எங்கள் வீட்டில் வேறு கேள்வியே இல்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. மிச்ச நாட்களில் தைலம், கட்டு, யாரோ சொன்ன வைத்தியர். மாரியம்மன் கோயில் உண்டியலில் வெள்ளியில் கால் உரு வாங்கிப் போட்டோம். “மொதல்ல எந்திச்சு நடக்கட்டும், படிப்பு எங்க ஓடிப்போவுது” என்றார் என் மாமியார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் நானும் உள்ளுக்குள் நினைத்தேன். அந்த ஐந்து வருடத்தில் அவளுக்கென்று ஒரு படப்புத்தகம்கூட நான் வாங்கவில்லை. அவளிடம் எனக்கு எதிர்பார்ப்பு இருந்தது, மலையளவு இருந்தது. ஆனால் அது முழுவதும் அவள் கால்மேல் இருந்தது. தலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் தென்காசி பேருந்து நிலையத்தில் மடியில் உட்கார்ந்திருந்தவள், எதிரே நின்ற பேருந்தின் பலகையைப் பார்த்து, “செங்… கோட்… டை” என்று இழுத்து வாசித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அடுத்த பேருந்தையும் வாசித்தாள். என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கி இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அவன் சத்தமாக எழுத்துக்கூட்டும்போதெல்லாம் இவள் பக்கத்தில் பாயில் கிடந்திருக்கிறாள். நாங்கள் அவள் காலை நீவிக்கொண்டிருந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குப் பேருந்தில் வீடு வரும் வரை நான் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிள்ளையின் நிலைமைக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு பள்ளிக்கூடம் தேடும் படலம். மூன்று தனியார் பள்ளிகளில் ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் வகுப்பு மாடியில் இருக்கிறது என்றார்கள். ஓரிடத்தில் மற்ற பெற்றோர் ஏதாவது சொல்வார்கள் என்றார்கள். மூன்றாமிடத்தில் காப்பி கொடுத்து, “கொஞ்சம் நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். அந்தக் கடைசிப் பேச்சுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அது நான் ஐந்து வருடம் எனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பதைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை, பள்ளியின் உரிமை அல்ல. கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. உண்மையிலேயே வெளியே வர முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையின் அம்மாவிடம் “உங்களுக்கு எதுக்குச் சிரமம், வீட்டுக்கே டீச்சர் வருவாங்களே” என்று அன்பாகச் சொல்லி அனுப்புவதற்கும் அதே திருத்தம் பயன்படுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படித்தாக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த கூட்டாளிகளும் ஆசிரியர்களும் வேண்டும். அது இல்லாத வகுப்பில் அந்தப் பிள்ளை தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். பாளையங்கோட்டையில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காது கேளாதோர் பள்ளி நடந்துவருவதற்கு அர்த்தம் இருக்கிறது.

கடைசியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது. தலைமையாசிரியை சாய்தளம் போட வைத்தார், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி வாய் திறக்க எனக்கு இத்தனை வருடம் ஆனது.

என் மகளை எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. அவள் பேசி முடிக்க நேரமாகும், பாவம். எழுதக் கை வலிக்கும், பாவம். எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால் யாருக்கும் உறுத்தவும் இல்லை. ஆறாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் 62 மதிப்பெண் வாங்கியிருந்தாள். விடைத்தாளைப் பார்த்தால் கையெழுத்து அவளுடையது இல்லை. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. “அவ வந்து உக்காந்திருந்தாலே போதும்மா” என்று முன்பொரு ஆசிரியை என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் நன்றி சொல்லியிருக்கக் கூடாது.

இதில் வகுப்பாசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வருவார். அவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். ஒரு பள்ளியில் முக்கால் மணி நேரம், பிறகு அடுத்த பேருந்து. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அந்த 10 பேரில் ஒருத்தியாக என் மகள் உட்கார்ந்ததே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் கதை நேர் எதிர்த் திசை. எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரிகின்றன. கற்றல் குறைபாடு என்று பரிசோதனையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஏழு வகைக் குறைபாடுகளில் இது இல்லை. 2016 சட்டம் வகைகளை 21 ஆக்கியபோதுதான் இது உள்ளே வந்தது. சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு, ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் கேட்கலாம். அவன் அப்பா வாங்க மறுக்கிறார். “நாளைக்கு அவன் பேரு என்னாவது?” என்கிறார். அதற்குப் பதில் மூன்று டியூஷன். ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டிலிருந்து அடி விழும் சத்தம் கேட்கிறது. நான் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்துவிட்டேன், இன்னும் போவேன். என் மகளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தப் பையனிடம் அவனால் முடியாத ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரையும் உட்கார்ந்து நிதானமாகக் கவனித்தவர்கள் யாரும் இல்லை. நானும் அப்படிக் கவனிக்காதவள்தான்.

ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர்சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சில பிள்ளைகளோடு அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். இந்த ஊர்க்காரியான நான், நடக்க முடியாத ஒருவர் எவ்வளவு செய்ய முடியும் என்பதைப் பத்து மைல் தூரத்தில் வைத்துக்கொண்டு, உண்டியலில் வெள்ளிக்கால் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் ஏசியதற்கு மறுநாள் நான் பள்ளிக்குப் போனேன், சண்டைக்கு அல்ல. கணக்கு டீச்சர் அந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்திருந்தார். “உங்க பொண்ணுக்குக் கணக்கு வரும். யாரும் அவளைப் போட விடல, அவ்வளவுதான்” என்றார். பத்துக் கணக்குக்குப் பதிலாக அவளுக்கு நான்கு. பெரிய கட்டம் போட்ட நோட்டு. வகுப்பில் அவள் விடை சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் கையைத் தூக்கக் கூடாது. “ஆனா நாலையும் அவளேதான் போடணும். நீங்க போட்டுக் குடுத்தா எனக்குத் தெரிஞ்சிரும்.” சட்டம் சொல்லும் தேவைக்கேற்ற வசதி எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிடும். அவளுக்குச் சொல்வதை எழுதுபவர் கட்டாயம் தேவைப்படும், கேட்டு வாங்குவேன். சொல்வதற்கு அவளிடம் விடை இருக்க வேண்டும்.

நான் பள்ளிக்குப் போய்வந்த அன்று ராத்திரி அவள் சாப்பிட்டுவிட்டு நோட்டை விரித்தாள். இடது கையால்தான் எழுதுகிறாள், ஓர் எண் ஒரு கட்டத்துக்குள் அடங்காது. முதல் கணக்குக்கே இருபது நிமிடம் ஆனது. மூன்றாவதில் பின்னத்தைத் தலைகீழாக்க மறந்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். நோட்டு மேசையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

“நோட்டை மட்டும் பிடிச்சுக்கோம்மா” என்றாள். “எதுவும் சொல்லாத.”