குளுவாங்கில் பசியாறுவோம்

பழந்தின்னி வௌவாலை மலாய் மொழியில் ‘குளுவாங்’ என்பர். ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள குளுவாங் நகருக்கும் அதுவே பெயர். பழம் தேடிப் பறக்கும் அவ்வுயிரினத்தைப் போலவே, இவ்வூரில் வந்து இறங்குவோரும் முதலில் உணவைத்தான் தேடுகின்றனர். குனோங் லம்பாக் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தத் தேடல் இன்னும் அவசரமானது. பையில் 5 ரிங்கிட் இருந்தாலும் இங்குப் பசியாறலாம். 50 ரிங்கிட் இருந்தாலும் பசியாறலாம். ஆனால், உண்டு முடித்த பிறகு பணம் போதவில்லை என்று தெரியவந்தால் அதைவிடச் சங்கடம் வேறில்லை. ஆகவே, ஒவ்வொரு வகைக் கடையிலும் நாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்ப்போம்.

காலைப் பசியாறலுக்குக் குளுவாங்கில் பலரும் சொல்லும் இடம் இரயில் நிலையக் காப்பிக் கடை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அப்பாதையில் குளுவாங்கும் ஒரு நிலையமாயிற்று. 1938ஆம் ஆண்டு, ஹைனானியச் சீனக் குடும்பம் ஒன்று அந்நிலையத்தில் காப்பிக் கடை நடத்தத் தொடங்கியது. இன்று ‘குளுவாங் ரயில் காப்பி’ என்னும் பெயர் வெளியூர்களிலும் தெரிந்த பெயர்.

காப்பிக் கடைத் தொழிலில் ஹைனானியர் ஏன் மிகுதியாக ஈடுபட்டனர்? மலாயாவுக்கு மற்றச் சீனச் சமூகத்தாரைவிட அவர்கள் தாமதமாக வந்தனர். வணிகத்தின் பல துறைகளில் மற்றவர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தனர். அதனால் ஹைனானியர் பலர் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாக வேலை செய்தனர். அங்குக் கற்ற ரொட்டி வாட்டும் முறையையும் காப்பி கலக்கும் முறையையும் பின்னர்த் தம் சொந்தக் கடைகளுக்குக் கொண்டு வந்தனர். கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, அதன்மேல் வெண்ணெயும் காயாவும், அரை வேக்காட்டு முட்டை, ஒரு கோப்பைக் காப்பி என்னும் பசியாறல் இப்படித்தான் நம் நாட்டில் பரவியது. ‘கோப்பித்தியாம்’ என்ற சொல்லே இரு மொழிகள் சேர்ந்தது. ‘கோப்பி’ மலாய், ‘தியாம்’ ஹொக்கியனில் கடை.

காப்பி கேட்கும்போது சொல்லைக் கவனியுங்கள். ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் சேர்த்தது. ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும் சேர்த்தது. சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. பொதுவாகப் பாலில்லாத காப்பியே விலை குறைவு. ஜொகூரில் விளையும் லைபெரிக்கா வகைக் காப்பி உலகச் சந்தையில் அரிதானது என்பதும் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான நாடுகளில் மக்கள் குடிப்பது அராபிக்காவும் ரொபஸ்தாவும்தான்.

காப்பிக் கடையில் மேசையைப் பிறருடன் பகிர்ந்துகொள்வது வழக்கம். முன்பின் அறியாதவர் எதிரில் வந்து அமர்ந்தால் முகம் சுளிக்கக்கூடாது. சிறிய இடத்தில் பலர் விரைவாக உண்டு எழுவதால்தான் அங்கு விலை குறைவாக இருக்க முடிகிறது.

நண்பகலில் வேறு கணக்கு. கலப்புச் சோற்றுக் கடையில், அதாவது ‘நாசி சம்பூர்’ கடையில், நாமே தட்டில் கறிகளை எடுத்துக்கொள்கிறோம். கடைக்காரர் தட்டைப் பார்த்து விலை சொல்கிறார். எடை போடுவதில்லை, கண்ணே தராசு. இரண்டு காய்கறியோடு ஒரு கோழித்துண்டு எடுத்தவருக்கும், அதே தட்டில் இறாலும் கணவாயும் குவித்தவருக்கும் விலை பெரிதும் மாறும். எடுத்த உடனே, உண்பதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுவது நல்லது. உண்ட பிறகு தட்டில் என்ன இருந்தது என்று இருவரும் வாதிட முடியாது!

வாழையிலைச் சோற்றில் வழக்கம் வேறு. பல கடைகளில் சோறு, காய்கறி, குழம்பு, இரசம் ஆகியவற்றை மீண்டும் கேட்டால் கூடுதல் பணம் வாங்காமல் பரிமாறுவார்கள். கோழி, ஆடு, மீன் ஆகியவற்றுக்குத் தனி விலை. நல்ல பசியுள்ளவர், மரக்கறி உண்பவர் ஆகியோருக்கு இதைவிட இலாபமான சாப்பாடு கிடைப்பது கடினம் என்பது என் கருத்து. முழு மீனும் மீன் தலைக்கறியும்தான் எச்சரிக்கைக்குரியவை. விலைப்பட்டியலில் அவற்றுக்கு எதிரே எண் இல்லாமல் ‘பருவ விலை’ என்று இருந்தால், அன்றைய விலை எவ்வளவு என்று கேட்காமல் வரவழைக்க வேண்டாம்.

பேரங்காடிகளிலும் குளிர்சாதன வசதியுள்ள உணவகங்களிலும் உணவோடு இடத்திற்கும் பரிமாறுதலுக்கும் பணம் கொடுக்கிறோம். அங்குள்ள விலைப்பட்டியலில் சில சமயம் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று சேவைக் கட்டணம். மற்றொன்று சேவை வரி. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். சேவைக் கட்டணம் பெரும்பாலும் 10 விழுக்காடு. அது அரசாங்கத்திற்குச் செல்வதில்லை, உணவகமே வசூலிப்பது. சேவை வரி 6 விழுக்காடு. ஆண்டு விற்பனை 1.5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள் அரசாங்கத்திற்காக வசூலிப்பது. ஒட்டுக்கடையில் இவ்விரண்டும் இருப்பதில்லை.

ஒரு குடும்பம் 58 ரிங்கிட் 40 சென்னுக்கு உண்டது என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 5 ரிங்கிட் 84 சென். உணவின் விலைக்குரிய வரி 3 ரிங்கிட் 50 சென். மொத்தம் 67 ரிங்கிட் 74 சென். ரொக்கமாகக் கொடுத்தால் 67 ரிங்கிட் 75 சென் ஆகும். ஏனெனில், 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 60 ரிங்கிட் மட்டும் வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலை நம்பி அமர்ந்த குடும்பத் தலைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குறைந்த வருமானம் பெறுவோரை எண்ணி, 2023 ஜனவரி 31ஆம் நாள் ‘மெனு ரஹ்மா’ திட்டம் தொடங்கப்பட்டது. இதில் பங்கேற்கும் கடைகள் 5 ரிங்கிட்டுக்கு மேற்போகாத விலையில் ஒரு வேளை உணவை விற்க முன்வந்தன. கேட்டால் மற்றவர் என்ன நினைப்பார்களோ என்று சிலர் தயங்குகின்றனர். தயக்கம் தேவையில்லை, அது தருமம் அன்று, காசு கொடுத்து வாங்கும் உணவு.

விலை கேட்பதும் அப்படித்தான். உணவகங்கள் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். விலை காட்டப்படவில்லை என்றாலோ, சொன்ன விலைக்கு மேல் வாங்கினாலோ, கட்டணச் சீட்டுடன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டால் சான்று ஏது?

அடுத்த வாரம் நால்வர் கொண்ட உங்கள் குடும்பம் 50 ரிங்கிட்டுடன் குளுவாங்கிற்குச் செல்கிறது என்று கருதுங்கள். தம்பிக்குக் கோழி வேண்டும். பாட்டி மரக்கறி மட்டுமே உண்பார். அப்பாவுக்குக் ‘கோப்பி ஓ’ இல்லாமல் பொழுது விடியாது. காலையில் எங்கே, நண்பகலில் எங்கே என்று அவர்களோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பி வரும் பேருந்துக் கட்டணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.